படத்தில் வரையாத கோடுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போட்டோகிராபி வகுப்புகளில் 'இம்ப்ளைடு லைன்' என்று ஒரு சொல்லைப் போகிற போக்கில் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு, ஏனென்றால் மனிதர்களைப் படம் எடுக்கிறவர்களுக்கு இதைவிடப் பயன்படும் விஷயம் ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. தமிழில் இதை 'மறைகோடு' என்று எழுதுகிறேன். புதிதாகக் கேமரா பிடிக்கிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் இவை.

மறைகோடு என்றால் என்ன?

வாசலில் கோலம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். முதலில் புள்ளி மட்டும் வைப்பார்கள், நேர்ப்புள்ளியோ இடுக்குப்புள்ளியோ. அந்த நேரத்தில் ஒரு கோடுகூட இழுக்கவில்லை, ஆனாலும் புள்ளிகளைப் பார்த்ததுமே கண் அவற்றைச் சேர்த்துப் பார்க்க ஆரம்பித்துவிடும், சாய்வாக ஒரு வரிசை, குறுக்காக ஒரு வரிசை என்று. யாரும் வரையாமலே கண் இழுத்துக்கொள்கிற அந்தக் கோடுதான் மறைகோடு. படத்தில் ஒருவர் பார்க்கிற திசை, நீட்டிய விரல், ஓடுகிற மாட்டின் போக்கு, வரப்பில் விட்டு விட்டு நிற்கும் நாலு கொக்கு, எல்லாமே இப்படிக் கோடு போடும்.

கண்ணைப் படத்துக்குள் கூட்டிப்போகும் 'லீடிங் லைன்' என்பதும் இதுவும் ஒன்றா?

இல்லை. தண்டவாளம், சாலை, கைப்பிடிச் சுவர், பாம்பன் பாலம் எல்லாம் நிஜக் கோடுகள். படத்தில் அவற்றின் மேல் விரல் வைத்துக் காட்டலாம். மறைகோட்டின் மேல் விரல் வைத்தால் அங்கே வெறும் காற்றுதான் இருக்கும், அல்லது மணல், வானம். இரண்டும் ஒரே படத்தில் இருக்கலாம். அப்போது எது ஜெயிக்கும் என்று கேட்டால், பெரும்பாலும் பார்வைக் கோடு, அதாவது ஒருவர் பார்க்கிற திசையில் போகிற மறைகோடு, என்றுதான் சொல்வேன். அழகான தண்டவாளம் வலது மூலைக்குப் போய்க்கொண்டிருக்கும்போது நடுவில் நிற்கும் சிறுமி இடது பக்கம் திரும்பிப் பார்த்தால், பார்க்கிறவர் இடது பக்கம்தான் போவார்.

இல்லாத ஒன்று எப்படிக் கண்ணுக்குத் தெரிகிறது?

மூளை தனித்தனித் துண்டுகளை அப்படியே விட்டுவைப்பதில்லை, அருகருகே இருப்பதையும் ஒரே திசையில் தொடர்வதையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்கிறது. மாக்ஸ் வெர்த்தைமர் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1923இல் இதை விரிவாக எழுதினார், புள்ளிகளையும் கோடுகளையும் வைத்தே விளக்கினார். அதற்குப் பிறகு இத்தாலியின் கயெட்டானோ கனிட்சா 1955இல் ஒரு வரைபடம் வெளியிட்டார். மூன்று கறுப்பு வட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு வெட்டியிருக்கும், வெட்டுகள் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும். நடுவில் பளிச்சென்று ஒரு வெள்ளை முக்கோணம் தெரியும், அதன் ஓரம்கூடத் தெரியும், ஆனால் அங்கே யாரும் முக்கோணம் வரையவில்லை.

பார்வைக் கோட்டுக்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. எதிரில் இருப்பவர் எங்கே பார்க்கிறார் என்று கவனிப்பது நமக்குப் பிறவியிலிருந்தே வருகிற பழக்கம் போல. கைக்குழந்தைகூடச் சில மாதங்களில் அம்மா பார்க்கிற பக்கம் திரும்ப ஆரம்பித்துவிடும். தெருவில் இரண்டு பேர் அண்ணாந்து பார்த்தால் மூன்றாவது ஆளும் அண்ணாந்து பார்ப்பார். போட்டோவிலும் அதேதான் நடக்கிறது.

இதை யாராவது அளந்து பார்த்திருக்கிறார்களா?

கண் அசைவைப் பதிவு செய்து பார்த்தவர்களில் முக்கியமானவர் சோவியத் ஆய்வாளர் அல்பிரெட் யார்புஸ். இலியா ரெபின் 1880களில் வரைந்த ஓவியம் ஒன்றைப் பார்வையாளர்களிடம் காட்டி, அவர்கள் கண் எங்கெங்கே நிற்கிறது என்று பதிந்தார். நாடு கடத்தப்பட்டிருந்த ஒருவர் எதிர்பாராமல் வீட்டுக்குள் நுழைகிறார், வீட்டில் இருப்பவர்கள் அவரைத் திரும்பிப் பார்க்கிறார்கள், இதுதான் ஓவியம். பதிவுகளில் கண் நாற்காலியிலும் சுவரிலும் அதிகம் தங்கவில்லை, முகங்களுக்கே திரும்பத் திரும்பப் போனது. அவர் கேள்வியை மாற்றியபோது, உதாரணமாக இவர்களின் வயது என்ன, வசதி எப்படி என்று கேட்டபோது, கண் போகிற பாதையும் மாறியது.

இந்த இரண்டாவது விஷயத்தை எப்போதும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மறைகோடு கண்ணுக்கு வழி காட்டும், கட்டாயப்படுத்தாது. இந்தக் கோட்டின் வழியாகத்தான் எல்லோரும் வரிசையாகப் போவார்கள் என்று அம்புக்குறி போட்டு விளக்குகிறவர்களை நான் நம்புவதில்லை.

பார்வைக் கோட்டை எப்படிப் பயன்படுத்துவது?

முதலில் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தக் கோடு எங்கே போய் நிற்கிறது? ஷட்டரை அழுத்துவதற்கு முன் இதைக் கேட்கிற பழக்கம் வந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

தாலி கட்டுகிற நேரத்தை எடுத்துக்கொள்வோம். மாப்பிள்ளை முடிச்சுப் போடுகிறார், நாத்தனார் பின்னால் குனிந்து நிற்கிறார், பெண்ணின் அம்மா பார்க்கிறார், அட்சதையோடு நிற்கிறவர்கள் எல்லோரும் பார்க்கிறார்கள். ஏழெட்டுப் பார்வைக் கோடுகள் ஒரே இடத்துக்கு, அந்தக் கைகளுக்கு வருகின்றன. இதைவிடப் பலமான அமைப்பை நாமாக உட்கார்ந்து யோசித்தாலும் உருவாக்க முடியாது. ஆனால் மேடையில் அந்த நேரத்தில் கேமராக்காரர்கள் எல்லோரும் முட்டி மோதி முன்னால் போய் முடிச்சை மட்டும் குளோசப்பில் எடுக்கிறார்கள். முடிச்சு கிடைக்கும், அதைப் பார்த்த முகங்கள் கிடைக்காது. இரண்டு அடி பின்னால் வந்து, கொஞ்சம் பக்கவாட்டில், கைகளும் முகங்களும் ஒன்றாகத் தெரிகிற இடத்தில் நில்லுங்கள்.

கோடு போய் நிற்கிற இடத்தில் ஏதாவது இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். நான் ஒரு கல்யாணத்தில் எடுத்த படத்தில் பெண் தலையைச் சாய்த்து அவ்வளவு அழகாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆல்பம் வந்தபோதுதான் தெரிந்தது, அவர் பார்வை போய் முடிகிற இடத்தில் சுவரில் ஒரு சிவப்புத் தீயணைப்பு சிலிண்டர் மாட்டியிருந்தது. அந்தக் குடும்பத்துக்கு அந்தப் படத்தைத் திரும்ப எடுத்துத் தரவே முடியாது. அன்றிலிருந்து முகத்தைப் பார்த்த உடனே, அந்த முகம் பார்க்கிற இடத்தையும் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன்.

முகத்துக்கு முன்னால் எவ்வளவு இடம் விட வேண்டும்?

பொதுவாகப் பின்னால் இருப்பதைவிட முன்னால் அதிகமாக விடுங்கள். அளவு சொல்ல முடியாது. மூக்கு ஓரத்தில் இடிக்கிற மாதிரி வைத்தால் பார்க்கிறவருக்கு மூச்சு முட்டும், சில படங்களுக்கு அந்த உணர்வுதான் வேண்டும். மருத்துவமனை வராந்தாவில் காத்திருக்கிற ஒருவரை அப்படி வைக்கலாம். பிறந்தநாள் கேக்கைப் பார்க்கிற குழந்தையை வேண்டாம்.

பார்க்கப்படும் பொருள் படத்துக்குள் இருந்தே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை, எனக்கு மிகவும் பிடித்தது அது இல்லாத படங்கள்தான்.

சாயங்காலம் ஏதாவது ஒரு பஸ் ஸ்டாப்புக்குப் போய் எதிர்ப்பக்கம் நின்று பாருங்கள். பத்துப் பேர் நிற்பார்கள், பத்துப் பேர் தலையும் ஒரே பக்கம் திரும்பியிருக்கும். ஒருவர் நடைமேடையை விட்டு இறங்கி எட்டிப் பார்ப்பார், ஒரு அம்மா பையைத் தோளில் ஏற்றிக்கொண்டே பார்ப்பார், பள்ளிக்கூடப் பையன் அண்ணன் முதுகுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டுவான். பஸ் படத்தில் கிடையாது, இன்னும் வரவே இல்லை. ஆனாலும் பார்க்கிறவருக்கு அந்தத் தாமதம் தெரியும், காரணம் அந்தப் பத்துக் கோடுகளும் படத்தின் சட்டத்தை, அதாவது ஃப்ரேமின் ஓரத்தை, தாண்டி ஒரே இடத்துக்குப் போகின்றன. பஸ்ஸையும் சேர்த்து எடுத்தால் அது பஸ்ஸின் படமாகிவிடும்.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் டோரதியா லாங்க் 1936இல் கலிபோர்னியாவின் நிப்போமோவில் எடுத்த 'புலம்பெயர்ந்த தாய்' படமும் இப்படித்தான். பெரும் பொருளாதார மந்தக் காலத்தில் பட்டாணி பறிப்பவர்களின் முகாமில் எடுத்தது. தாயின் இரண்டு தோளிலும் இரண்டு பிள்ளைகள், இருவரும் முகத்தைக் கேமராவுக்குக் காட்டாமல் திருப்பிக்கொண்டிருக்கிறார்கள், மடியில் கைக்குழந்தை. பிள்ளைகளின் முகம் தெரியாததால் படத்தில் ஒரே ஒரு பார்வைதான் மிஞ்சுகிறது, தாயுடையது. அது கேமராவுக்கும் வரவில்லை, பிள்ளைகளிடமும் போகவில்லை, சட்டத்துக்கு வெளியே எங்கேயோ போகிறது. முழங்கையிலிருந்து கன்னத்துக்கு ஏறுகிற கை நம் கண்ணை அந்த முகத்துக்குக் கொண்டுபோய்விடுகிறது, அங்கிருந்து அவர் பார்வை நம்மை வெளியே கொண்டுபோகிறது. அவர் என்ன யோசிக்கிறார் என்ற கேள்வி இத்தனை வருடம் கழித்தும் எழுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

கேமராவையே பார்க்கிற முகம்?

அந்தக் கோடு படத்தை விட்டு நேராக வெளியே, பார்க்கிறவரிடம் வருகிறது. பலமானது, ஆனால் படத்துக்குள் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். கூட்டத்தில் ஒரே ஒருவர் மட்டும் லென்ஸைப் பார்த்துவிட்டால், நீங்கள் யாரைப் படம் எடுத்தீர்களோ அவரை விட்டுவிட்டு எல்லோரும் இவரைத்தான் பார்ப்பார்கள். தெருவில் எடுக்கும்போது யாராவது கேமராவைப் பார்த்துவிட்டால் சிரித்துவிட்டுக் காத்திருங்கள், ஒரு நிமிடத்தில் அவர் தன் வேலைக்குத் திரும்பிவிடுவார்.

குரூப் போட்டோவில் நாலு பேர் நாலு பக்கம் பார்க்கிறார்களே, என்ன செய்வது?

கல்யாண மேடையில் மூன்று கேமரா, பத்து போன் இருந்தால் இது நடக்கத்தான் செய்யும். சிதறிய பார்வை என்றால் சிதறிய கோடுகள், கண் எங்கேயும் நிற்காது. முக்கியப் போட்டோகிராபருக்குப் பக்கத்திலேயே, தோளோடு தோள் நின்று எடுங்கள், அவரைப் பார்க்கிற கண் உங்களையும் பார்ப்பது போலவே விழும். அல்லது எல்லோரையும் பாட்டியைப் பார்க்கச் சொல்லுங்கள். பாட்டி சிரிப்பார், எல்லாக் கோடும் அவரிடம் போகும், அப்புறம் அந்த வீட்டில் அந்தப் படம்தான் ஃப்ரேம் போட்டு மாட்டப்படும்.

கூலிங் கிளாஸ் போட்டிருந்தால்? முதுகைக் காட்டி நின்றால்? மாடு, நாய் என்றால்?

கண் தெரியாவிட்டால் மூக்கு எந்தப் பக்கம் என்பதைப் பார்ப்போம், மூக்கும் தெரியாவிட்டால் தோளும் பாதமும். நிழலுருவமாக எடுக்கும்போது முகத்தைப் பக்கவாட்டில் வைக்கச் சொல்வது அதனால்தான், நேராக நின்றால் அது வெறும் உருண்டை. மாட்டுக்கும் குதிரைக்கும் கண்ணைவிடக் காது நன்றாகத் திசை காட்டும், ஒரு சத்தம் வந்தால் முதலில் காதுதான் திரும்பும்.

நகர்கிற பொருள் எப்படிக் கோடு போடுகிறது?

அது அடுத்து எங்கே போகும் என்று நமக்குத் தெரியும் என்பதால். பந்து வீசுகிறவர் கையை விட்டுப் பந்து கிளம்பிய படத்தில், பந்துக்கும் மட்டைக்கும் நடுவில் இருக்கிற காலி இடத்தை நாமே கோடு போட்டு நிரப்பிக்கொள்கிறோம். வாடிவாசலை விட்டுப் பாய்கிற காளைக்கு முன்னால் இடம் விடச் சொல்வதும் இதற்குத்தான்.

இதில் நான் அடிக்கடி எடுத்துப் பார்க்கிற படம் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்ரி கார்ட்டியே-பிரெசோன் 1932இல் பாரிஸின் செயின்ட் லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால் எடுத்தது. ஒருவர் தேங்கிய தண்ணீரைத் தாண்டிக் குதிக்கிறார். குதிகால் இன்னும் தண்ணீரைத் தொடவில்லை. கீழே அவர் பிரதிபலிப்பு, மேலே அவர், இரண்டு குதிகாலுக்கும் நடுவில் துளி இடைவெளி. அந்த இடைவெளியில்தான் கோடு இருக்கிறது. தண்ணீரைத் தொட்டிருந்தால் நிஜக் கோடாகச் சேர்ந்திருக்கும், படம் செத்திருக்கும். பின்னாலுள்ள சுவரொட்டியில் ஒரு நடனக்காரரும் குதிக்கிறார், எதிர்த் திசையில். இரண்டு குதிப்பையும் கண் தானாகவே இணைத்துப் பார்க்கிறது.

பேனிங், அதாவது நகர்கிற பொருளோடு சேர்த்துக் கேமராவையும் திருப்பிக்கொண்டே எடுப்பது, செய்து பழக ஆசை இருந்தால் தெருவில் போகும் சைக்கிள், பைக்குகளுக்கு நொடியில் 30இல் ஒரு பங்கு ஷட்டரில் ஆரம்பியுங்கள். பின்னணி கோடு கோடாக இழுபடும். நிறையப் படம் வீணாகும், பரவாயில்லை.

வரிசையாக நிற்கும் பொருட்கள் எப்போது கோடாகும், எப்போது வெறும் பொருட்களாகவே நின்றுவிடும்?

இடைவெளிதான் விஷயம். நாற்று நட்ட வயலின் வரப்பில் ஐந்து கொக்கு நிற்கிறது என்று வையுங்கள். நீங்கள் வரப்புக்குப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் நடுவில் பெரிய இடைவெளி, ஐந்து தனிக் கொக்குகள். வரப்பின் ஒரு முனைக்குப் போய் நீளவாக்கில் பாருங்கள், இடைவெளி சுருங்கிவிடும், அவை சேர்ந்து வயலுக்குள் போகிற ஒரு கோடாகிவிடும். கொக்கு நகரவே இல்லை, நீங்கள்தான் நகர்ந்தீர்கள்.

கடற்கரையில் ஏற்றி வைத்த படகுகளும் அப்படித்தான். எல்லாப் படகின் அணியமும், அதாவது முன்பக்கமும், கடலைப் பார்த்து இருந்தால் படகே இறங்காத கடலுக்கு ஏழெட்டுக் கோடு போகும். அதில் ஒரு படகு மட்டும் திரும்பியிருந்தால் கண் அங்கேதான் நிற்கும். வேண்டுமென்றால் அதையே படமாக்குங்கள், வேண்டாமென்றால் நகர்ந்து அதை மறையுங்கள். கண்டுகொள்ளாமல் மட்டும் விடாதீர்கள்.

இடமிருந்து வலமாகத்தான் கோடு போக வேண்டுமா?

இடமிருந்து வலமாக எழுதிப் படிக்கிறவர்களுக்கு அந்தத் திசை கொஞ்சம் சுலபமாக இருப்பது போலத் தோன்றும், எதிர்த்திசை கொஞ்சம் தடைபடுவது போல. அதற்காகப் படத்தைத் திருப்பிப் போடாதீர்கள். சட்டைப் பட்டன் மாறும், கடைப் பலகை எழுத்து இடவலம் மாறும், நடனம் ஆடுகிறவரின் கை மாறும். உண்மை கெடும்.

போனில் இதெல்லாம் முடியுமா?

தாராளமாக. கோடு லென்ஸில் இல்லை, நிற்கிற இடத்திலும் அழுத்துகிற நேரத்திலும் இருக்கிறது. போனின் முக்கியக் கேமரா அகலமானது, ஓரத்தில் தேவையில்லாததெல்லாம் உள்ளே வந்துவிடும், அதனால் ஓரங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிடுங்கள். பார்வை திரும்புகிற நேரம் மிகச் சின்னது, கண் ஒரு நொடியில் மூன்று தடவைகூட இடம் மாறும், ஆகவே பர்ஸ்ட்டில், அதாவது விடாமல் தொடர்ந்து பல படங்களாக, எடுத்துவிட்டு அப்புறம் உட்கார்ந்து தேர்ந்தெடுப்பதில் தவறே இல்லை.

கிராப் செய்தால் கோடு போய்விடுமா?

போய்விடும், அதுவும் இன்ஸ்டாகிராமுக்குப் போடும்போது. 3:2 அளவில் படுக்கையாக எடுத்த படத்தை 4:5 நிமிர்ந்த அளவுக்கு வெட்டினால் அகலத்தில் 53 சதவீதம்தான் மிஞ்சும். பார்வைக்காக நீங்கள் விட்டு வைத்த காலி இடம்தான் முதலில் பலியாகும். இப்படி வெட்டப் போகிறீர்கள் என்று முன்பே தெரிந்தால் நிமிர்த்தியே ஒன்று எடுத்துவிடுங்கள்.

எடிட்டிங்கில் பளிச்சென்று போட்டியிடும் ஓரத்து வெளிச்சத்தைக் கொஞ்சம் இருட்டாக்கலாம். பொருட்களை அழிப்பது வேறு விஷயம். டோரதியா லாங்க் படத்தில் கீழ் ஓரத்தில் கூடாரக் கம்பைப் பிடித்திருந்த ஒரு கட்டை விரல் இருந்தது, பிற்பாடு நெகட்டிவில் அதை மறைக்கச் செய்தார், அதற்கு அப்போதே எதிர்ப்பும் வந்தது. அந்த விரல் ஏன் அவரைத் தொந்தரவு செய்தது என்று எனக்குப் புரிகிறது, கண்ணை மூலைக்கு இழுக்கும். ஆனாலும் செய்திப் படத்தில் நான் விரலை விட்டுவிடுவேன்.

நேரில் போய்ப் பார்த்துக் கற்றுக்கொள்ள ஓர் இடம் சொல்லுங்கள்.

மாமல்லபுரம் அர்ச்சுனன் தபசு. பல்லவர் காலத்துச் சிற்பம் போட்டோவுக்கு எதற்கு என்று கேட்காதீர்கள், போய் நில்லுங்கள். பாறையின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு பிளவு, அதில் கைகூப்பிய நாகர்கள். இடப்பக்கம் இருப்பவர்கள் வலப்பக்கமும், வலப்பக்கம் இருப்பவர்கள் இடப்பக்கமுமாகப் பறக்கிறார்கள், நடக்கிறார்கள், பெரிய யானைகளும் பிளவை நோக்கித்தான் வருகின்றன. இத்தனை உருவங்கள் நெருக்கமாக இருந்தும் குழப்பமே இல்லை, ஏனென்றால் பெரும்பாலான உடல்களும் முகங்களும் ஒரே இடத்தைக் காட்டுகின்றன. சிற்பம் கிழக்கைப் பார்த்திருக்கிறது, காலை வெயிலில் போனால் உருவங்கள் எழுந்து நிற்கும். முதல் பத்து நிமிடம் கேமராவை வெளியே எடுக்காதீர்கள்.

பரதநாட்டியம் தெரிந்தவர்களிடம் பேசினாலும் இது கிடைக்கும். கை போகிற இடத்துக்குக் கண் போக வேண்டும் என்று முதல் வகுப்புகளிலேயே சொல்லித் தருவார்கள். நடனத்தைப் படம் எடுக்கும்போது கையும் கண்ணும் சேர்கிற அந்த நொடிக்குக் காத்திருங்கள், முழுக் கையும் சட்டத்துக்குள் இருக்கட்டும், விரல் நுனியை வெட்டிவிட்டால் கோடு பாதியில் நின்றுவிடும்.

வீட்டிலேயே எப்படிப் பழகுவது?

போனில் ஏற்கெனவே இருக்கிற உங்கள் பழைய படங்களில் இருபதை எடுங்கள், மனிதர்கள் இருப்பவை. படத்தின் மேல் வரைய உதவும் மார்க்கப்பைத் திறந்து ஒவ்வொரு கண்ணிலிருந்தும், நீட்டிய ஒவ்வொரு கையிலிருந்தும் சிவப்பில் ஒரு கோடு இழுங்கள், படத்தின் ஓரம் வரைக்கும். கோடுகள் சேர்கிற இடத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் நினைத்தது அங்கே இருந்தால் அதை ஒரு தனி ஆல்பத்தில் வையுங்கள். இல்லாவிட்டால், அன்றைக்கு இரண்டு அடி எந்தப் பக்கம் நகர்ந்திருந்தால் சரியாகியிருக்கும் என்று யோசித்து அந்தப் படத்தின் கீழேயே எழுதி வையுங்கள். இருபதும் முடிந்த பிறகு சாயங்காலம் அந்த பஸ் ஸ்டாப்புக்குப் போங்கள், ஆறு மணிக்குக் கூட்டம் இருக்கும்.